ஒரு சுழி குறைவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: ‘கன்ட்ரோலை மாற்றிப் போட்டுவிட்டேன்.’ மூன்றே சொற்கள்.

பட்டறையில் இரண்டு பேஸ் கிட்டார்கள் தயாராக இருந்தன. ஒன்று நாங்கள் எப்போதும் வாங்கும் மரம். மற்றது அக்கா தானே தேடிப் பிடித்து, இரண்டு வருடம் உலர்த்திய மரம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. இங்கே மரவேலை முழுக்க அவள் கையில், ஒயரிங் என் கையில். கம்பி, அதன் அதிர்வை வாங்கும் காந்தமான பிக்கப், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் இரண்டிலும் ஒன்றே, மரம் மட்டும் வேறு என்று ஏற்பாடு. எது நன்றாக ஒலிக்கிறதோ அந்த மரத்தில்தான் அடுத்த மாடல்.

வாசிக்க வந்தவரை ‘நெட்டை’ என்போம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார். முதலாவது கணீரென்று இருந்தது. இரண்டாவது போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல.

“என்ன இது, சளி பிடிச்ச மாதிரி இருக்கு,” என்றார் முதலாளி.

திரையை விலக்கினால், அக்காவின் மரம்.

“பலகையா இருக்கும்போது தட்டிப் பாத்தேன் சார். மணி மாதிரி இருந்துச்சு.”

“மணி உன் காதுக்குள்ள அடிச்சிருக்கும்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாப்பாட்டு நேரத்தில், ஏதோ உறுத்த, அக்கா மரத்துக் கிட்டாரின் பின்மூடியைத் திறந்தேன். கன்ட்ரோலின் முதுகில் 25. இருக்க வேண்டியது 250. 25 பேட்டரி போடும் கிட்டார்களுக்கானது. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். இந்த பிக்கப்போடு சேர்ந்தால் கணீரென்பதை எல்லாம் விழுங்கிவிடும்.

மூடியைத் திரும்ப வைத்துத் திருகினேன். நான்கு திருகாணியையும்.

மார்ச் 5

சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஒரு வருடமாக அக்காவோடு எனக்கு இதே வாக்குவாதம். “கம்பி அதிருது, காந்தம் அதை வாங்குது. அந்தக் காந்தத்துக்கு மரம்னா என்னன்னு தெரியுமாக்கா?” என்பேன். “உனக்குத் தெரியுமாடி?” என்பாள். படித்த கட்டுரைகளை எல்லாம் ஒப்பித்திருக்கிறேன்: மரத்தின் பங்கு கொஞ்சம், மின்சாரத்தின் பங்குதான் பெரிது.

இப்போது நிரூபித்தும் விட்டேன். ஒரு சுழி குறைந்தால் போதும், எந்த மரத்தையும் ஊமையாக்கலாம். வெளியே சொல்ல முடியாத வெற்றி. சீ.

நாவல்களில் இப்படி மறைக்கிறவர்களைக் கண்டால் சொல்லித் தொலையேன் என்று திட்டிக்கொண்டே பக்கம் திருப்புவேன். கன்ட்ரோல் கைத்தவறு, சரி. மூடியைத் திருகியது?

மார்ச் 11, செவ்வாய்

அக்கா காலையில் காது டாக்டரிடம் போய் வந்தாள்.

“காது நல்லாத்தான் இருக்காம். அப்ப மண்டையிலதான் கோளாறு.”

பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டுமாம். பயத்தில் கேட்காததற்கும் அழுத்தினாளாம். சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டினாள். தாளைப் பார்த்தேன்; அவளைப் பார்க்க முடியவில்லை.

முன்பெல்லாம் புதுப் பலகை வந்தால் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைப்பாள். இன்று வந்தவற்றை டேப் பிடித்து அளந்ததோடு சரி.

மார்ச் 14, வெள்ளி

யாரும் வருமுன் போய் கன்ட்ரோலை மாற்றினேன். பத்து நிமிட வேலை. திருடி மாதிரி வாசலைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

மதியம் அக்கா சும்மா அதை எடுத்து வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள்.

“ஏய், இங்க வாயேன். கேளு. மரம் திறந்துக்கிச்சுடி. பாலிஷ் சரியா காயாம இருந்திருக்கும், இல்ல?”

“இருக்கலாம்க்கா.”

அன்று வாயை மூடியிருந்தேன். இன்று வாயைத் திறந்தே பொய்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினாள். அவர் கேட்கக்கூட இல்லை. “பத்து நாள்ல சத்தம் மாறுற மரத்தை நம்பி எப்படிம்மா மாடல் போடறது? மிச்சப் பலகைய அறுத்து ஷெல்ஃப் அடிச்சிடு.”

இதுவும் நான் செய்ததுதானே? திருத்தப் போய், பேர்கெட்ட மரத்துக்கு உலையே வைத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

போகும்போதே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. சைகையில் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சொன்னேன்.

ரம்ப இரைச்சலுக்காகக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே.”

“நான் காது டாக்டர்கிட்ட போனப்பவும்?”

“ம்.”

கையில் ஒட்டிய மரத்தூளை ரொம்ப நேரம் தட்டினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

“சார்கிட்ட நீயே போய்ச் சொல்லு.”

சொன்னேன். அவர் வந்து எண்ணினார். பதினாறு பலகையில் அறுபடாமல் நின்றது இரண்டு.

ஏப்ரல் 2, புதன்

மீந்த பலகைகளில் அக்கா இரண்டு கிட்டார் செய்கிறாள், ஒன்று நெட்டைக்கு. மாடல் பழைய மரத்திலேயே. என் டப்பாக்கள் எல்லாம் இப்போது புது ஷெல்ஃபில் இருக்கின்றன.

ஒயரிங் இன்னும் என் கையில்தான். கன்ட்ரோலைப் பற்றவைக்கும் முன் அக்கா வந்து கையை நீட்டுகிறாள். கொடுக்கிறேன். மீட்டர் வைத்து எண்ணைப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். எல்லாக் கிட்டாருக்கும் அப்படித்தான்.