சேரும் தேதி வராத வேலை

எங்கே இருக்கிறாயோ, அங்கேயும் யாரையாவது மடக்கி வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் என் மீனாக்காவுக்கு,

சில மாதங்களுக்கு முன்னால் உன் காலேஜுக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு அந்த கேட்டுக்குள்ளே நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யாரிடம் போய்க் கொட்டுவது? நீ இருந்திருந்தால் நேரே உன் குவார்ட்டர்ஸுக்கு வண்டியை விட்டிருப்பேன். நீயும் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு, "ம், ஆரம்பி" என்றிருப்பாய்.

நமக்குள்ளே வருஷா வருஷம் நடந்த சண்டைதான் இது. நீ மெக்கானிக்கல் பாடம் எடுத்தவள். நான் தொழிற்பேட்டையில் பம்ப் ரிப்பேர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறுகிற தண்ணியை இறைக்கிற பம்ப் பழுதானால் என் ஷெட்டுக்கு வரும். "உன் பிள்ளைங்க நாலு வருஷம் படிச்சும் ஒரு நட்டைத் தொட்டதில்லைக்கா" என்பேன். "நீங்க மட்டும் என்னவாம்? ஃப்ரெஷர் வேணும், ஆனா ரெண்டு வருஷ அனுபவத்தோட வரணும். அதை எங்க போயி வாங்கியாருவான், சந்தையிலயா?" என்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, மூச்சு வாங்கிக்கொண்டே இதைத்தானே சொன்னாய்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வேலை கூடிவிட்டது, பட்டதாரிகள் இரண்டு பேர் வேண்டும் என்று காலேஜுக்குச் சொல்லியிருந்தேன். நீ பாடத்தோடு சேர்த்துப் பார்த்த வேலைவாய்ப்புப் பொறுப்புக்கு இப்போது டை கட்டிய ஒருத்தர் வந்திருக்கிறார். வாசலில் பெரிய பேனர். வேலை கிடைத்த பிள்ளைகளின் முகம் வரிசையாக. உள்ளே ஏ.சி. ரூம், பிஸ்கட், தண்ணி பாட்டில். எனக்கு உபசாரத்துக்குக் குறைவில்லை.

ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். எல்லாரும் கடின உழைப்பாளி, எல்லாரும் குழுவோடு ஒத்துப்போகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே பலவீனம்: வேலையில் இறங்கினால் நேரம் தெரியாதாம்! யார் அக்கா இதை எழுதிக் கொடுக்கிறார்கள்? இதற்கென்று வெளியிலிருந்து ஆள் வந்து வகுப்பு எடுக்கிறார்களாம். நீ அதற்கு எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்!

நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தேன். "பம்ப் ஓடுது. தண்ணி வரல. என்ன பண்ணுவ?"

ஒரு பையன் பம்ப்புக்கு இலக்கணம் சொன்னான். ஒரு வார்த்தை பிசகவில்லை. "ஓடுற பம்ப்பைப் பக்கத்துல நின்னு பாத்திருக்கியாப்பா?" என்றேன். "வீடியோல பாத்திருக்கேன் மேடம்." "லேப்ல?" அவன் டை கட்டியவரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். லேப் பம்ப் மேலே உறை போட்டு மூடிவைத்திருக்கிறார்களாம், ரெக்கார்டில் எழுதுகிற ரீடிங் மட்டும் போன வருஷத்துப் பிள்ளைகளிடமிருந்து இறங்கி வருகிறதாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நீச்சலைப் பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சை வைத்து, முதல் மார்க்கும் கொடுத்துவிட்டு, பிறகு கிணற்றைக் காட்டினால் அவன் என்னதான் செய்வான்?

கடைசியாக ஒரு பெண் வந்தாள். ரேவதி. காடாம்புலியூர். போன வருஷமே படிப்பை முடித்தவள். அதே கேள்வியைக் கேட்டேன். என்னையே திருப்பிக் கேட்டாள்.

"முன்னாடி தண்ணி வந்துகினு இருந்துச்சுங்களா, இல்ல இப்பதான் புதுசா மாட்டுனதுங்களா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் அக்கா. "ஏம்மா கேக்குற?"

"புதுசுன்னா மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்துதான்னு பாக்கணும்ங்க. பழசுன்னா எங்கனா காத்து இழுக்குதான்னு பாக்கணும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது மேடம். கிட்ட போயி பாத்தாதான்."

தெரியாது என்று சொன்ன ஒரே பிள்ளை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ரெடிமேடாக யாரையும் நான் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லணும், கேட்கணும், கிட்டே போய்ப் பார்க்கணும். இதற்கு எந்த ஸ்பெஷல் வகுப்பு வேண்டும், சொல்?

"இந்தப் பொண்ணு வேணும்" என்றேன். டை கட்டியவர் முகம் மாறியது. "மேடம், இவங்க ஏற்கெனவே ப்ளேஸ்டு. ஒரு ஸ்டூடண்ட்டுக்கு ஒரு ஆஃபர்தான். எப்படி உள்ள வந்தாங்கன்னே தெரியல."

சென்னை கம்பெனி ஒன்று போன வருஷம் கூட்டமாக ஆள் எடுத்ததாம். ரேவதிக்கும் கடிதம் வந்தது. சேரும் தேதி மட்டும் இன்றுவரை வரவில்லை.

"எங்க ப்ளேஸ்டு? அவங்க வூட்டுலயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். நான் கொடுக்கும் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தால் காலேஜின் சராசரிச் சம்பளம் இறங்கிவிடுமாம். அதாவது, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் சராசரி ஏறும், என்னிடம் வேலைக்கு வந்தால் இறங்கும்! இந்தக் கணக்கை எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

பிரின்சிபாலிடம் போனேன். நல்ல மனுஷர்தான், ஆனால் நாற்காலி அவரை அசையவிடாது. "நிர்வாகத்தோட முடிவும்மா. மீனா மேடமே இந்த பாலிசிய மதிச்சவங்க" என்றார். உன் பேரை இழுத்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ! "எங்கக்கா இத மதிச்சிருந்தா, ஞாயித்துக்கிழமை சாப்பிட உக்காந்ததும் இதத் திட்ட ஆரம்பிக்காம, எங்க வீட்டுல சோறு நிம்மதியா எறங்கியிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். படித்து முடித்துப் போன பெண்ணுக்கு இவர்கள் அனுமதி எதற்கு? படி இறங்கும்போதுதான் அது உறைத்தது.

நேரே காடாம்புலியூர் போனேன். முந்திரித் தோப்பில் கூலி வேலை பார்க்கும் அவள் அப்பா, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேனர்ல போட்டாங்க, ஊரே பாத்துடுச்சிங்க. சென்னை கம்பெனின்னு எல்லாருக்கும் சொல்லிட்டன். இப்ப ஒர்க்‌ஷாப்புன்னா என்னான்னு சொல்லுவன்?"

ரேவதி உள்ளேயிருந்து வந்தாள். "அந்த பேனரு மழையில கிழிஞ்சே போச்சுப்பா. நான் இன்னும் வூட்டுலதான குந்திகினு இருக்கன்? தெனம் போனையே பாத்துகினு எத்தினி நாளு இருப்பன்?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "பஸ்ஸு நேரத்துக்கு வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்றார். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

அவள் வந்த வாரமே பக்கத்து ஷெட் ராஜாங்கம் அண்ணன் எட்டிப் பார்த்தார். கியர்பாக்ஸ் வேலை செய்கிறவர், உனக்கும் தெரியும். "எதுக்கும்மா இந்த வம்பு? கத்துக்குடுத்து முடிச்சதும் இதுங்க பறந்துடும். ரெண்டு வருஷம் அனுபவம் உள்ளதா பாத்து எடு." நான் சொன்னேன்: "எல்லாரும் அனுபவம் உள்ளவன்தான் வேணும்னா அந்த அனுபவத்த யாருண்ணே குடுக்குறது? அடுத்த ஷெட்டுக்காரனா?" சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், அது உன் வாய். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை அக்கா. கேள்வி கேட்டே என் பிராணனை வாங்கினாள். ஒருநாள் கசிவைத் தடுக்கிற கேஸ்கட்டைச் சரியாக உட்காரவைக்காமல் மூடிவிட்டாள். சோதனை ஓட்டத்தில் தண்ணி பீய்ச்சி, அவளும் நனைந்தாள், நானும் நனைந்தேன். கத்தினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி நானே அவுக்கட்டுங்களா?" என்றாள். அவிழ்த்தாள். பூட்டினாள். அடுத்த மாதங்களில், பம்ப் வந்து இறங்கினால் ஆட்கள் என்னைத் தேடுவதை விட்டு அவளைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து மெயில் வந்தது. சேரும் தேதி.

டீ வேளையில் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். கையில் கிரீஸ், கண்ணில் வெளிச்சம். என்னைப் பார்த்ததும் அந்த வெளிச்சத்தை மறைக்கப் பார்த்தாள். "நீங்க வேணாம்னா போவல மேடம்."

போகாதே என்று எனக்கு வாய்வரை வந்தது. இங்கேயே இரு, ஷெட்டில் பாதியை நீ பார்த்துக்கொள் என்று சொல்ல வந்தது. ஆனால் அவள் அப்பா குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. "உனக்குப் போகணுமா?" என்றேன். "ஆமாங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அதற்காகத்தானே எடுத்தேன்?

சந்தோஷமாக அனுப்பினேன் என்று உனக்கு எழுத மாட்டேன். இரண்டு நாள் ஷெட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். ராஜாங்கம் அண்ணன் டீ டம்ளரோடு வந்து, "நான் சொல்லல?" என்றார். சொன்னார்தான். அவர் சொன்னது நடந்ததுதான். அதனால் என்ன? அவள் போன இடத்தில் ஏதாவது நின்றுபோனால் கிட்டே போய்ப் பார்ப்பாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததன் பலன் எனக்கு வரவில்லை என்பதற்காக அது வீண் என்று ஆகிவிடுமா? நீ உன் வகுப்பிலிருந்து அனுப்பிய யாரும் உனக்குத் திரும்பி வரவில்லையே, நீ எப்படி அக்கா ஒவ்வொரு ஜூனிலும் சாக்பீஸை எடுத்தாய்?

மூன்றாம் நாள் பிரின்சிபாலுக்குப் போன் போட்டேன். இந்த முறை வேலைக்கு ஆள் கேட்கவில்லை. இரண்டாம் வருஷப் பிள்ளைகளை லீவில் என் ஷெட்டுக்கு அனுப்புங்கள், தொட்டு வேலை செய்யட்டும் என்றேன். பாதுகாப்பு என்றார், நிர்வாகம் என்றார், பார்க்கலாம் என்றார். விடவில்லை. தினமும் கூப்பிட்டேன். என் தொல்லை தாங்காமல், ஒரு செட் பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். போன வாரம் ராஜாங்கம் அண்ணனிடம் போய், "கியர்பாக்ஸ் ஒண்ணு பிரிச்சு வைங்க, பசங்க வராங்க" என்றேன். திட்டினார். பிறகு, "எத்தினி பேரு?" என்று கேட்டார்.

அக்கா, உனக்கு ஒரு வாக்கு. வருகிறவர்கள் தங்குவார்களா பறப்பார்களா என்று பார்த்து நான் ஷெட்டைத் திறக்கப் போவதில்லை. உன் வகுப்பிலிருந்து வருகிற ஒரு பிள்ளையும் இயந்திரத்தைத் தொடாமல் இந்த ஊரை விட்டுப் போகாது. என் கை ஓயும்வரை அதைப் பார்த்துக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி