செட்டுல கோளாறு இல்ல

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்னிக்கும் அதே தூசி. மூக்கச் சிந்துனா சிமெண்ட் கலர்ல வருது. குவாரில எடை மேடை ரூமுக்குள்ள ஒக்காந்து, லோடு எடையத் தட்டி பில்லு கிழிச்சுக் குடுக்குறதுக்கா ஈசிஈ படிச்ச சுடர்விழி? படிச்சேனா என்ன, போயிட்டுப் போயிட்டு வந்தேன். அரியர் ஏறிக்கிட்டே இருந்துச்சு, ஒரு நாள் பையத் தூக்கிட்டு வந்துட்டேன். அவ்ளோதான் கதை.

அப்பா இங்கதான் டிப்பர் ஓட்டுறாரு. சாயங்காலம் வந்து கேட்டாரு. "பாப்பா, அமெரிக்காவுல லாரிக்காரனுக வண்டிக்கு வண்டி மைக்குல பேசிக்குவானுகளாமே? அது நம்ம வண்டிக்கு வைக்க முடியுமா?"

எதுக்காம்? பள்ளத்துக்கு எறங்குற ரோட்டுல ஒரு வண்டிதான் போகும். நடுவுல ஒரு வளைவு, அங்கிட்டு என்ன வருதுன்னு தெரியாது. ரெண்டு ஹாரன் அடிக்கணும். எதுத்தாப்ல லோடு வண்டி ஏறுச்சுன்னா அவன் பதிலுக்கு ரெண்டு அடிப்பான். காலி வண்டி ஒதுங்குற எடத்துல நிக்கணும். இங்க சட்டம் இதுதான். "க்ரஷர் சத்தத்துல எவனுக்கு ஹாரன் கேக்குது"ங்குறாரு. நேத்து அவரு வண்டியும் நாகராசு அண்ணன் வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுருச்சாம். ஒரு முழந்தான் கேப்பு.

சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. எனக்குச் சிரிப்பு வரல.

போன் பண்ணலாம்ல? பள்ளத்துக்குள்ள ஒரு புள்ளி சிக்னல் கெடையாது.

பிப்ரவரி 20

தேடிப் பாத்தேன். சிபி ரேடியோன்னு பேரு. கையில வச்சுப் பேசுற வாக்கிடாக்கி நெறையதுக்கு லைசென்ஸ் கேக்குறான். இதுக்கு வேணாம், அஞ்சு வாட்டுக்குள்ள இருக்கணும், அனுமதி வாங்குன மாடலா இருக்கணும், அவ்ளோதான். ஆன்டெனா பாடம் நடத்துறப்ப கடைசி பெஞ்சுல தூங்குனவ நான். இப்ப சோறு தின்னுக்கிட்டே அதத்தான் படிக்கிறேன். எந்த வாத்தியாராவது பாத்தா செருப்பால அடிப்பாரு.

மேனேஜர் நாராயணன் சார்கிட்ட சொன்னேன். "ஒனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னாரு. இல்ல சார்னேன். மொதலாளிக்குப் போன் போட்டாரு. மூணு செட்டு வாங்கிப் பாக்கலாமாம். அப்பாவுக்கு ஒண்ணு, நாகராசு அண்ணனுக்கு ஒண்ணு, என் மேசையில ஒண்ணு.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிஞ்சு ஆவூர் மாதா கோயில்லேர்ந்து நேரா விராலிமலை. செந்தமிழன் அண்ணன் பேட்டரி கடை. நம்ம வண்டி இருபத்திநாலு வோல்ட், செட்டு பன்னெண்டு. நடுவுல கன்வர்ட்டர் போடணும்னேன்.

"எதுக்கு தங்கச்சி? ரெண்டு பேட்டரில ஒண்ணுலேர்ந்து மட்டும் இழுத்துக்க. எல்லாரும் பாட்டுப் பொட்டிக்கு அப்பிடித்தான் இழுக்குறானுக."

"அந்த ஒண்ணு மட்டும் செத்துப்போயிருமேண்ணே."

"செத்தா எங்கிட்டதான வருவீங்க!"

அந்த மனுசன பிடிச்சுப் போச்சு. கன்வர்ட்டரும் வாங்கியாச்சு.

பிப்ரவரி 27

ஆன்டெனாவக் கொன்னுட்டேன்.

காந்தம் வச்ச ஆன்டெனா. கேபின் மேல வச்சா கப்புன்னு ஒட்டிக்கும், ஓட்ட போட வேணாம். அதுக்காகத்தான் அத எடுத்தேன். அப்பா வண்டிக்கு கிரீஸ் அடிக்கிறதுக்காக பாடியத் தூக்கி விட்டிருந்தானுக. ஏறி வச்சேன். எறங்கி நின்னு அழகு வேற பாத்தேன். பாடிய எறக்குனானுக. எங்க வண்டில பாடியோட முன் தகடு கேபினுக்கு மேல கொட மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், கல்லு உருண்டு கேபின் மேல விழுகாம இருக்க. தெனம் பாக்குற வண்டி. தெரியாதா எனக்கு? நறுக்.

நாகராசு அண்ணன் சிரிச்சு சிரிச்சு டயர் மேலயே ஒக்காந்துட்டாரு. "இஞ்சினியரம்மா, அடுத்த தடவ வண்டிய எறக்கி வச்சுட்டு அளவு எடுங்க!"

போய்யா.

மார்ச் 1

இப்ப சைடு கண்ணாடி கம்பியில நட்டு போட்டு முறுக்குற ஆன்டெனா. ஃபைபர் குச்சி, ஆள் ஒசரம் இருக்கு, ஆனா வளையும். அடில பெயின்ட சொரண்டிட்டுத்தான் போடணும், இல்லேன்னா எர்த் கெடைக்காது. ஆபீஸ் ஆன்டெனா மொட்டமாடில. ஆன்டெனா சரியா நிக்குதான்னு பாக்க கார்த்திகாகிட்ட மீட்டர் வாங்கிட்டு வந்தேன், முள்ளு எறங்கி நின்னா நல்லது. அவ இன்னும் காலேஜ்ல இருக்கா, பைனல் இயர். "நீ இல்லாம லேப் போரடிக்குதுடி"ன்னா. மீட்டரப் பையில வச்சுட்டுக் கெளம்பிட்டேன்.

அப்பா வண்டில மீட்டர் அழகா நிக்குது. நாகராசு அண்ணன் வண்டில மட்டும் எகிறுது. ஏன்டான்னு பாத்தா ஆன்டெனால எலுமிச்சம்பழமும் மொளகாயும் கம்பியில கோத்துக் கட்டி வச்சிருக்காரு! "புதுச் சாமான் தங்கச்சி, கண்ணு பட்டுரும்." கம்பிய அவுத்துட்டு நூல்ல கட்டச் சொன்னேன். எறங்கிருச்சு.

பேசிப் பாத்தோம். பள்ளத்தோட அடிலேர்ந்து நாகராசு அண்ணன் கொரலு பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி வந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒண்ணு நான் செஞ்சு ஓடுது.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெத்தில சாம்பலோட வந்த அப்பா மொதல் வார்த்தையா, "அந்த செட்டு சரியில்ல பாப்பா. கொரகொரங்குது, ஒண்ணும் வெளங்கல"ன்னாரு.

வயரெல்லாம் கழட்டி மாட்டுனேன். மீட்டர் சரியாத்தான் இருக்கு.

மார்ச் 7

"சத்தம் பத்தல."

தனி ஸ்பீக்கர் வாங்கிப் போட்டேன். "இடது பக்கம் வை, தலைக்குப் பின்னாடி"ன்னாரு. ஏன் இடது பக்கம்னு கேட்டிருக்கணும். கேக்கல.

நாகராசு அண்ணன்: "என்ன தங்கச்சி, ஒங்க அப்பா வண்டில கோயில் மைக் செட்டா? ரோட்டுல போறப்ப நான் பேசுனது எனக்கே கேக்குது!"

மார்ச் 8

"வேற கம்பெனி செட்டு பாரேன்"ங்குறாரு. நாராயணன் சார் என்னை மொறைக்கிறாரு. வேலைக்காகாத சாமான வாங்க வச்சுட்டேன்னு நெனைக்கிறாரு போல. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. காலேஜ்லயும் இதே பார்வைதான்.

அசதியா இருக்கு.

மார்ச் 10, திங்கள்

ஒரு யோசனை. மாத்திப் பாப்போம். அப்பா செட்டு, வயரு, ஆன்டெனா எல்லாத்தையும் கழட்டி நாகராசு அண்ணனுக்கு மாட்டுனேன். அவரோடது அப்பாவுக்கு.

நாகராசு அண்ணன்: "சூப்பரா கேக்குதே. இதுக்கா இந்தப் பாடு?"

அப்பா: "இதுவும் கொரகொரங்குது."

மார்ச் 11

செட்டுல கோளாறு இல்ல.

மார்ச் 14, வெள்ளி

நான் செஞ்சது தப்பா? தெரியல. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

அப்பா லோடோட ஏறிக்கிட்டு இருந்தப்ப மைக்க எடுத்து, "அப்பா, இன்னிக்கு வீட்டுல ஆட்டுக்கறிக் கொழம்பு. சீக்கிரம் வாங்க"ன்னேன். தவக்காலத்து வெள்ளிக்கிழம. கறின்னு வாயில வந்தாலே தாம்தூம்னு குதிக்கிற மனுசன்.

"சரி சரி. வளைவு தாண்டிட்டேன் பாப்பா"ன்னாரு.

யார் எதப் பேசுனாலும் "சரி சரி." இத்தன நாளா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. நானும் பேச்சு போகுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

மார்ச் 15

அம்மாட்ட கேட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "எனக்குத் தெரியும்டி"ன்னுச்சு. வலது காது சுத்தமா போச்சாம். இடதும் மந்தமாம். இத்தன வருசம் ஜன்னல் ஓரத்துல இஞ்சின் சத்தமும் க்ரஷர் சத்தமும் கேட்ட காது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? வண்டிய வாங்கிக்கிருவாங்க. வண்டி இல்லேன்னா அவரு யாரு? நீயும் படிப்ப விட்டுட்டு வந்து நிக்கிற."

அது சுருக்குன்னு குத்துச்சு. ஆனா பொய் இல்ல.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாகிட்ட நேராவே கேட்டேன். இடது பக்கமாப் போய் நின்னு.

மொதல்ல கோவம். "எவ சொன்னா? ஒங்க ஆத்தாளா?" அப்புறம், "மைக்கு வந்தா காதுக்குப் பக்கத்துல இருக்கும், கேட்டுரும்னு நெனச்சேன் பாப்பா"ன்னாரு. அதுக்காகத்தான் ரேடியோ கேட்டிருக்காரு. எனக்குத்தான் புத்தி இல்ல.

டாக்டர்கிட்ட போலாம்னேன். "ஈஸ்டர் முடியட்டும். அதுவரைக்கும் நீ மேல இருந்து பாத்துக்க. பெறகு போலாம்."

சரின்னுட்டேன். நானும் சரி சரின்னுட்டேன்.

மார்ச் 24

எடை மேடை பின் ஜன்னல்ல நின்னா ஒதுங்குற எடம் வரைக்கும் தெரியும். வளைவு தெரியாது. அப்பா எறங்குறப்பல்லாம் பில்ல அப்பிடியே போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுறேன். லோடு வண்டி ஏறுதுன்னு செட்டுல கேட்டா வெளில போயி செவப்புத் துண்ட ஆட்டுறேன். அப்பா பாத்து நிக்கிறாரு. நாராயணன் சார், "ஒனக்கு என்ன வயித்தால போகுதா? நிமிசத்துக்கு நிமிசம் ஓடுற"ன்னாரு. ஆமா சார்னேன்.

இன்னொண்ணு மண்டையக் கொடையுது. வெறும் ஹாரன் இருந்தப்ப, பதில் வரலைன்னா எதுக்க வாரவன் சந்தேகப்பட்டு மெதுவா வருவான். இப்ப பதில் வருது. "சரி சரி." அத நம்பி தைரியமா வாரான். அந்தப் பதில குடுத்தது யாரு? நான் மாட்டுன செட்டு.

ஏப்ரல் 2, புதன்

இன்னிக்கே எழுதிரணும்.

பில்லுக்கு ஒரு கேரளா வண்டி. டிரைவர் ஏதோ சண்ட புடிச்சுக்கிட்டு இருந்தான். அந்த நேரத்துல சேனல்ல நாகராசு அண்ணன்: "லோடு ஏத்திட்டேன், ஏறுறேன், வளைவுக்கு வாரேன். யாரு எறங்குறா?"

"சரி சரி"ன்னு அப்பா கொரலு.

ஜன்னலுக்கு ஓடுனேன். அப்பா வண்டி ஒதுங்குற எடத்தத் தாண்டிருச்சு. துண்டு ஆட்டி என்ன பண்ண, முதுகுல கண்ணா இருக்கு? மைக்க எடுத்தேன். "அப்பா நில்லுங்க."

"சரி சரி."

"அப்பா நில்லுங்கப்பா!"

"சரி பாப்பா."

போய்க்கிட்டே இருக்கு வண்டி. அவருகிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. யாருக்குக் கேக்குமோ அவங்ககிட்டதான் சொல்லணும். சொல்லிட்டேன்.

"நாகராசு அண்ணே நிப்பாட்டுங்க! எங்க அப்பாவுக்குக் காது கேக்காது. அவரு சரின்னு சொல்றத நம்பாதீங்க. அவருக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க நில்லுங்க!"

சேனல் அப்பிடியே அமுங்கிருச்சு.

அப்புறம் நாகராசு அண்ணன், மூச்சு வாங்க: "நின்னுட்டேன் தங்கச்சி. அவரும் பாத்துட்டாரு. நின்னுட்டாரு."

லோடு வண்டி. ஏத்தத்துல நிப்பாட்டுனா பின்னாடி உருளும். உருண்டுச்சாம். பின் டயரு மண் கரையில முட்டி நின்னுச்சாம். அந்தக் கரைக்கு அங்கிட்டு பள்ளம்.

திரும்பிப் பாக்குறேன், நாராயணன் சார் டீ கிளாசோட எம் பின்னாடி நிக்கிறாரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு. மேசையில செட்டு இருக்குல்ல, ரூமுல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. அந்தக் கேரளாக்காரனுக்குக்கூட.

அப்பா ரிவர்ஸ்லயே மேல வந்தாரு. எறங்குனாரு. ஒவ்வொரு மூஞ்சியா பாத்தாரு. ஒருத்தனும் அவரப் பாக்கல. "என்னாச்சு?"ன்னாரு. நாராயணன் சார் கைய மட்டும் நீட்டுனாரு. அப்பா சாவிய அந்தக் கையில வச்சாரு.

ஏப்ரல் 3

அப்பா பேசல.

ஏப்ரல் 9

பேசல. அம்மாவும் எனக்குச் சோத்த வச்சுட்டு அங்கிட்டுப் போயிருது. வண்டிய ஒரு புதுப் பையன் ஓட்டுறான். செட்டுல நல்லாப் பேசுறான், தெளிவா. ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிலேர்ந்து கொரலு வாரப்ப எனக்குத் திக்குங்குது.

நாகராசு அண்ணன் மத்தியானம் வந்து ஜன்னல் ஓரமா நின்னாரு. "எனக்கு ரெண்டு புள்ளைக தங்கச்சி"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. பில்ல வாங்கிட்டுப் போயிட்டாரு.

வேலைய விட்டுரலாமான்னு இருக்கு. விட்டு? அடுத்து எத விடுறது?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசைல அப்பா எனக்கு ஒரு வரிச தள்ளி ஒக்காந்திருந்தாரு. சாமியார் பிரசங்கத்துல எல்லாரும் சிரிக்கிறப்பல்லாம் அவரும் சிரிக்கிறாரு. ஒரு நொடி லேட்டா.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட, எனக்குக் கேக்குற மாதிரி: "செவ்வாக்கெழம லீவு போடச் சொல்லு அவள."

ஏப்ரல் 22, செவ்வாய்

திருச்சி. காது ஆஸ்பத்திரி.

கண்ணாடி போட்ட சின்ன ரூமுக்குள்ள ஒக்கார வச்சு, தலைல ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்தாங்க. சத்தம் கேக்குறப்பல்லாம் அமுக்கணும். வெளிய ஒரு பொண்ணு மெசின்ல குமிழ திருப்புறா. அப்பா டக்கு டக்குன்னு அமுக்குறாரு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. நல்லாத்தான் கேக்குதோ? நாந்தான் பெரிய பழியப் போட்டுட்டேனோ?

அப்புறந்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு கை அசையுறதப் பாத்து அமுக்கிக்கிட்டு இருக்காரு.

அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. உள்ள போயி ஒண்ணும் சொல்லாம நாற்காலிய செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சுட்டு வந்தா. அதுக்கப்புறம் அவ குமிழ திருப்பிக்கிட்டே இருந்தா. அப்பா முதுகு மட்டும் தெரிஞ்சுச்சு. பட்டன்ல வெரலு சும்மா இருந்துச்சு. ரொம்ப நேரம் சும்மாவே இருந்துச்சு.

இடது காதுக்கு மெசின் வைக்கலாமாம், அளவெடுத்தாங்க. வலது போனது போனதுதான். பெரிய வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு.

பஸ் ஸ்டாண்டுல விராலிமலை பஸ்ஸுக்கு நின்னோம். அப்பா அவராவே வந்து எனக்கு வலது பக்கமா நின்னாரு, இடது காது எங்கிட்டு வார மாதிரி.

"அன்னிக்கு நீ மைக்குல சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு"ன்னாரு. "எனக்குத்தான் கேக்கல. ஆளாளுக்கு ஒவ்வொண்ணு சொல்றானுக. நீ என்ன சொன்ன?"

சுத்தி அம்புட்டு சனம், அம்புட்டு ஹாரன். மெல்லச் சொன்னேன். அவரு தலையச் சாச்சாரு. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். இன்னும் சாச்சாரு.

கத்தியே சொல்லிட்டேன். நாகராசு அண்ணே நிப்பாட்டுங்க, எங்க அப்பாவுக்குக் காது கேக்காது, அவரு சரின்னு சொல்றத நம்பாதீங்க. பூக்காரம்மா திரும்பிப் பாத்துச்சு. கண்டக்டர் ஒருத்தர் பாத்தாரு. நான் பாதி அழுகையில இருந்தேன்.

அப்பா என் தோள்ல கை வச்சாரு.

"கத்தாத புள்ள. கேட்டுருச்சு."