ஒத்திகை அமைச்சர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். பேரனுக்கு முழங்கால் காயம் காய்ந்துவிட்டது. எந்தக் காயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால், இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் மனைவி காதில் விழும். என் தையல் கடையில் வைத்துப் பேசினால் ஊர் முழுக்க விழும்.

அவள் மெய்க்காப்பாளர் பயிற்சிக்குத் தயாராவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிடித்திருந்தால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கிரேனில் ஏற நேரமாகிவிட்டது என்று போனை வைக்க மாட்டீர்கள். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் வாய்விட்டுக் கத்தினேன். ‘எவனுக்கோ வர்ற குண்ட நீ ஏன் வாங்கணும், இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல பையத் தொறந்து பார்க்குற செக்யூரிட்டி வேலைக்கு என்ன குறை’ என்றேன். ‘பை பார்க்கத்தான் நான் லாயக்குன்னு நீங்களும் நெனைக்கிறீங்களாப்பா’ என்றாள். கடைசியில் அவளுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்ததும் நான்தான். பொத்தான் போட்டபடியே கையை வீசி ஓட வேண்டுமென்று தோளில் தாராளமாகத் துணி விடச் சொன்னாள், விட்டேன்.

காலையில் ஓட்டம், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முதலுதவிப் பாடம், வேலை முடிந்து வந்ததும் ஒத்திகை. ஒத்திகைக்கு ஒரு பெரிய மனிதர் வேண்டுமாம். வீட்டில் இனாமாகக் கிடைக்கிற ஆள் நான்தானே. வெங்காயம் வாங்கப் போனால்கூட எனக்கு வலப்பக்கம் ஓரடி தள்ளிப் பின்னால் வருவாள். என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், எதிரே வருகிறவர்களின் கைகளைத்தான் பார்ப்பாள். எதிர்க்கடை சாவிக்காரர் ‘அமைச்சர் வர்றார், வழி விடுங்கப்பா’ என்பார். உங்கள் பையன் முன்னால் விசில் ஊதிக்கொண்டே ஓடுவான், அவன்தான் பைலட் வண்டி. பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனோம். மருந்துக்கடைப் பக்கத்தில் நின்ற லாரியின் டயர் வெடித்தது. தெருவே அதிர்ந்தது. என்னவென்று நான் திரும்புவதற்குள் காலரைப் பிடித்து இழுத்து, என் தலையை அமுக்கி, கடைப் படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் என்னைத் திணித்து மேலே கவிழ்ந்துவிட்டாள். அசையக்கூட முடியவில்லை. நடுத்தெருவில் உங்கள் பையன் ‘அம்மா’ என்று அலறியது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதா என்று நான் இதுவரை கேட்கவில்லை. பயந்துபோய் பிரேக் போட்ட ஸ்கூட்டர் ஒன்று அவனை இடித்துத் தள்ளியது. சாவிக்காரர்தான் ஓடிப் போய்த் தூக்கினார். முழங்காலோடு போயிற்று, நல்ல காலம்.

மறுநாள், தான் சேரப் போகிற நிலையத்தின் பயிற்சியாளரிடம் போய் அழுதிருக்கிறாள். ஆபத்து நேரத்தில் பாதுகாக்க வேண்டிய ஆளைத் தவிர வேறு யாரும் கண்ணில் படக் கூடாதென்பதுதான் அவர்களுடைய முதல் பாடமாம். எத்தனையோ பேருக்குக் கடைசிவரை வராதது இவளுக்குச் சேருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று அவர் கைகுலுக்கிப் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து, ‘நான் சரியாத்தானே செஞ்சிருக்கேன், அப்புறம் ஏன்ப்பா அவன் முழங்காலப் பார்க்கவே முடியல’ என்று கேட்டாள். நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பையன் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் செய்துவிடலாம். ‘டமார்னு சத்தம் வந்துச்சு, அம்மா தாத்தாவத்தான் புடிச்சாங்க’ என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சாதாரணமாகச் சொல்கிறான். ஆனால் தெருவைக் கடக்கும்போது அவள் கையை நீட்டினால், சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிடுகிறான். அவள் நீட்டிய கையைப் பைக்குள் விட்டு எதையோ தேடுகிறாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இப்போது பயிற்சிக்குப் போகவில்லை என்கிறாள். அடுத்த மாதம் சேர வேண்டும். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும்; இல்லை. இந்த நினைப்போடு அவள் போனாலும் உருப்படாது, போகாமல் வீட்டில் உட்கார்ந்தாலும் உருப்படாது. நீங்கள் ஒரு வார்த்தை ‘வேண்டாம்’ என்றால் அப்படியே விட்டுவிடுவாள். தயவுசெய்து போனில் அதைச் சொல்லிவிடாதீர்கள். ‘போ’ என்றும் சொல்ல வேண்டாம். எப்படியாவது விடுப்புக் கேட்டு வாருங்கள். நேரில் உட்கார்ந்து இருவரும் பேசி எந்த முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம். அவள் போவதாக இருந்தால் பையனை நான் பார்த்துக்கொள்வேன். அதற்கு முன்னால் அவன் கை அவள் கைக்குப் போக வேண்டும். அதை நான் செய்ய முடியாது, மாப்பிள்ளை. நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான், ஏனென்றால் அன்றைக்கு அவள் பிடித்தது என்னை.

இன்னும் ஒன்றுண்டு. அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். என்மேல் கவிழ்ந்து கிடந்தபோது அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்திலும் என் காதோரம் ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தான். அது அவனுக்குச் சேர வேண்டிய பேச்சு. கிழவன் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

நீங்கள் மூவரும் ஒன்றாக நன்றாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத,
உங்கள் மாமா