வயிற்றிலா, கையிலா

வதனி,

குரக்கன் புட்டு மூடி வைத்திருக்கிறேன். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு லீலா அன்ரியிடம் கொடு.

மாமா கனடாவிலிருந்து அனுப்பிய, இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவியை வயிற்றில்தான் ஒட்டுவேன் என்று அடம்பிடிக்கிறாய். கையில் ஒட்டினால் ரியூசனில் பெட்டைகள் பார்ப்பார்களாம். பஸ்ஸில் குண்டு வெடித்ததிலிருந்து பிலிமத்தலாவைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கித் தடவுகிறார்கள். கை முதலில் போவது இடுப்புக்குத்தான். அங்கே ஏதாவது தட்டுப்பட்டால் உன்னை வாய் திறக்க விடுவார்களா?

கையில் ஒட்டு. சட்டைக் கையை மடித்துவிடு. அவர்கள் கேட்கமுன் காட்டு.

அம்மா

பி.கு.: மாமாவிடமும் கேட்டேன். "படுக்கேக்க நசியாத இடமாப் பாத்து ஒட்டச் சொல்லுங்கோ அக்கா" என்றான். அவனுக்கென்ன!

கையும் பயமென்றால் கழற்றி வைத்துவிட்டுப் போ, பிள்ளை. சீனி இறங்கினால் மடியில் கிடத்திச் சீனித் தண்ணீர் பருக்குவேன். அவர்கள் உன்னை ஏற்றிக்கொண்டு போனால் எந்த முகாம் வாசலில் போய் நிற்பேன்?