பதினான்காம் மனையில் ஒருத்தி

12 ஆகஸ்ட் 1993, வியாழன்

ஸ்டெல்லாவின் கதையில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் பேய்க்கதை எழுதச் சொன்னபோது நான் வைத்தது ஒரே விதிதான்: பேய்க்கு முகவரி வேண்டும், முகவரி இல்லாத பேய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அவள் பீர்க்கன்கரணை ஏரியோரத்தைத் தூர்த்து விற்பனைக்குப் போட்ட மனைகளில் பதினான்காம் மனை என்று எழுதினாள். ஈரக்காலோடு அங்கே நிற்கும் ஒருத்தி, "இங்க இருந்த தண்ணி எங்க?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறாள். வகுப்பில் வாசித்த கதை மூன்றே நாளில் ஏரிக்கரைவரை போய்விட்டது.

இன்று அந்த மனையின் சொந்தக்காரர் தலைமையாசிரியையின் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், பேய் கீதுன்னு எழுத வச்சா என் பிளாட்டை எவன் வாங்குவான்?"

"நம்பரை மட்டும் மாத்தச் சொல்லுங்களேன் மிஸ்," என்றார் தலைமையாசிரியை.

"மாத்தினா பேய் பதினஞ்சுக்குப் போயிடும் மேடம். அதுவும் சாரோடதுதானே?"

மனைக்காரர் கத்தித் தீர்த்தார். நான் அசையவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பொண்ணு நெசமாவே எதுனா பாத்துச்சா?"

ஸ்டெல்லாவுக்குப் பத்துக்கு எட்டு போட்டிருந்தேன். இப்போதுதான் அதை அடித்துவிட்டுப் பத்து போட்டேன்.