துடைப்பம் பட்ட கல்

பிராண்டன்
9 ஜனவரி 1978

அன்புள்ள ஐனருக்கு,

நானும் பெத்தும் சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். அக்கா லோயிஸ் மாடியறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். பெத்தின் மாவுக்கட்டில் இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒரு மூலையை மட்டும் அப்பாவுக்கு என்று விட்டுவைத்திருக்கிறாள்.

போன் செய்யாதே, எழுது என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்ததைக் கேட்டு லோயிஸ் சிரிக்கிறாள். "புருஷனும் பொண்டாட்டியும் கடுதாசி போட்டுக்கிறதுக்கு இதென்ன யுத்த காலமாடி?" என்கிறாள். போனில் நீ ஏதாவது வேடிக்கை சொல்வாய், நான் சிரித்துவிடுவேன், அதோடு பேச வந்த பேச்சு போய்விடும். பதினோரு வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஏன் வந்தேன் என்று உன் அம்மா கேட்டால் இதைச் சொல். டிசம்பர் 27ஆம் தேதி பெத் சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். டாக்டர் வீட்டிலிருந்து கிளப்புக்குப் போன் செய்தேன். சமையலறை மிஸஸ் டல்லிதான் எடுத்தாள். "சொல்லிட்டேன்மா. இன்னும் ரெண்டு சுத்துதான் பாக்கியாம், முடிச்சிட்டு வரேன்னாரு" என்றாள். நீ வந்தபோது கட்டுப் போட்டு முடித்து, மாவும் காய்ந்துவிட்டிருந்தது.

கர்லிங் என்றால் நாற்பது பவுண்டுக் கல்லை ஐஸில் ஒரு வட்டத்தை நோக்கி வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுகிற ஆட்டம். அப்படிப் பெருக்குகிறவன் வீட்டில் ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டதில்லை என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்பமாட்டார்கள்.

இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை தருகிறார்கள். மார்ச் முதல் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். ஒப்புக்கொண்டால் பெத்தையும் அங்கேயே சேர்த்துவிடுவேன். இதை உன்னை மிரட்ட எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்ஜரி


வில்லோ பெண்ட்
15 ஜனவரி 1978

என் அன்பு மார்ஜரிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்காரலாம் என்றால் நாற்காலி முழுக்கத் துவைக்காத துணி. பூனை என்னை மதிப்பதில்லை. நேற்று பீன்ஸ் தீய்ந்துபோனது, அதையும் அது மோந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது, மைனஸ் முப்பது டிகிரி குளிரில்.

தானியக் கிடங்கில் வேலை குறைவு. புதன்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. கடைசிச் சுற்று, கடைசிக் கல், எங்கள் அணித் தலைவன் மர்ரே விட்டான். அருமையான கல். நான் முன்னால் தேய்த்துக்கொண்டு ஓடுகிறேன். நடுவட்டத்துக்கு ஆறடி இருக்கும்போது என் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டது. ஒரு முடி அளவுதான், யாரும் பார்க்கவில்லை. எதிரணித் தலைவன் கன்னரே அப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். நான் கையை உயர்த்தி, "பட்டுடிச்சு, நான்தான்" என்றேன். விதிப்படி கன்னர் கல்லை எடுக்கச் சொன்னான். கல் போனது, ஆட்டமும் போனது.

மர்ரே தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்டா, உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்றான். ஆனால் அப்புறம் ஜெயித்தவர்கள் வழக்கப்படி எங்களுக்கு பீர் வாங்கித் தந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தபோது, கன்னர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினான். "இவனைக் கண்காணிக்க எதிரணிக்காரன் வேணாம், இவனே போதும்" என்றான். நீ அங்கே இருந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெத்தின் மாவுக்கட்டில் என் மூலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவேண்டாம். வீட்டுக்கு வாயேன்.

உன் ஐனர்


பிராண்டன்
21 ஜனவரி 1978

அன்புள்ள ஐனருக்கு,

பூனையை வெளியே விடாதே. காதுமடல் உறைந்துவிடும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கன்னர் கைகுலுக்கிய இடம் வந்ததும் எனக்கு அழுகை வந்தது, பெருமையினால் அல்ல. யாருமே பார்க்காத ஒன்றுக்காக ஐஸின் மேல் உன் கை தானாக எழும்புகிறது. கல்யாணத்துக்கு முன் நான் உன்னிடம் மயங்கியதே அதற்காகத்தான். அந்தக் கை வீட்டு வாசலைத் தாண்டினால் ஏன் எழும்புவதில்லை?

நம் வீட்டிலும் துடைப்பம் பட்ட கல் ஒன்று இருக்கிறது, ஐனர். எட்டு வருஷமாக இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எது என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்லிவிட்டால், அப்புறம் நீ கையை உயர்த்தினாலும் அது நீயாக உயர்த்தியது ஆகாது.

மார்ஜரி


வில்லோ பெண்ட்
30 ஜனவரி 1978

என் அன்பு மார்ஜரிக்கு,

ஆட்டத்தை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மர்ரேயிடம் துடைப்பத்தையும் ஷூவையும் கொடுத்துவிட்டேன். "மாவட்டப் போட்டிக்கு ஒரு மாசம்தான் இருக்கு, வெளையாடறியா?" என்றான். இல்லை, விளையாட்டை விட்டாயிற்று என்றேன். அதற்கு அவன் சிரிக்கவில்லை.

நீ கேட்டதையும் யோசித்துப் பார்த்தேன். நம் ஐந்தாம் கல்யாண நாளுக்கு உன்னை ஏரிக்கரை விடுதிக்கு அழைத்துப் போனேனே, அந்த ஊரில் அதே வாரம் போட்டி நடந்தது தற்செயல் அல்ல. உன் அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றது பொய். பெத்தின் பள்ளிக்கூட நாடகத்தில் நான் கடைசி வரிசையில் இருந்ததாகச் சொன்னேன். கடைசிப் பாட்டுக்குத்தான் உள்ளே வந்தேன். போதுமா? கை வலிக்க வலிக்க உயர்த்தியாகிவிட்டது.

இப்போது சாயங்காலங்களில் வீட்டிலேயே இருக்கிறேன். ஜன்னல் வழியாகக் கிளப்பின் விளக்கு தெரிகிறது. திரையை இழுத்துவிட்டுவிடுகிறேன்.

உன் ஐனர்


பிராண்டன்
6 பிப்ரவரி 1978

அன்புள்ள ஐனருக்கு,

முதல் வேலையாக மர்ரேயிடம் போய்த் துடைப்பத்தைத் திரும்ப வாங்கு. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷன் எனக்கு எதற்கு? ஆறு மாதம் தியாகி மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாய், அதற்கும் நான்தான் காரணமாவேன்.

ஆட்டத்தை விடு என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? நானும் ஆடியவள்தான். வியாழக்கிழமைப் பெண்கள் அணியில் மூன்று பருவம் ஆடினேன். பெத் பிறந்ததும் என் துடைப்பம் கார் கொட்டகைக்குப் போனது. அணியின் மற்ற மூன்று பேரும் வந்து கெஞ்சவில்லை, யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, நீகூட ஏன் என்று கேட்கவில்லை. போகட்டும். எனக்கும் ஐஸின் வாசனை பிடிக்கும் என்பதை உனக்கு ஞாபகப்படுத்தத்தான் சொல்கிறேன்.

நீ எழுதியவை எல்லாம் நான் அப்போதே கண்டுபிடித்தவை. விடுதி அறையில் உன் ஷூவில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது, ஐனர். பிடிபட்ட பிறகு கையை உயர்த்துவது யாராலும் முடியும்.

பெத்துக்கு 20ஆம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். அன்றைக்கு வந்து உன் மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. நான் லோயிஸோடு கடைக்குப் போய்விடுகிறேன்.

மார்ஜரி


வில்லோ பெண்ட்
21 பிப்ரவரி 1978

மார்ஜரிக்கு,

நேற்று டாக்டர் மாவுக்கட்டை வெட்டும்போது பெத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருக்கிறதா என்றேன். "நீ இருக்கேல்லப்பா, அதனால கொஞ்சம்தான்" என்றாள். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தபோதே தெரியும். தெரியாதவன் மாதிரி மற்றவற்றை அடுக்கினேன்.

1970 பிப்ரவரி 14. நீ ஒரு வாரமாகப் பிராண்டன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். பெத் லோயிஸ் வீட்டில் இருந்தாள். பகல் ஒன்றரை மணிக்கு மிஸஸ் டல்லி ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுத்தாள். "குழந்தை பிறந்துவிட்டது. நிலைமை சரியில்லை. உடனே வரவும்." இறுதி ஆட்டத்தில் நான்கு சுற்று பாக்கி. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மூன்று மணிக்கு ஜெயித்தோம். போட்டோ எடுத்தார்கள், ஆளுக்கொரு மின்சார வாணலி கொடுத்தார்கள். மூன்றரைக்குக் கிளம்பினேன். ஐந்து மணிக்கு உன் அறைக்குள் வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பிள்ளை நான்கு மணிக்குப் போய்விட்டான் என்று நர்ஸ் சொன்னாள். பனிப்புயல், சாலையை மூடிவிட்டார்கள் என்றேன். சாலையை மூடவில்லை. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

சீட்டு வந்தபோதே கிளம்பியிருந்தால் மூன்று மணிக்கு வந்திருப்பேன். ஒரு மணி நேரம் அவனைப் பார்த்திருப்பேன். உன்னோடு இருந்திருப்பேன்.

ஆட்டத்தின் மேல் பழி போட ஆசையாக இருக்கிறது, ஆனால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்குப் பயம். ஐஸின் மேல் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான்கு சுற்றும் முடிவதற்குள் யாராவது போன் செய்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். டிசம்பரில் பெத் விழுந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாணலியில் எட்டு வருஷமாக நீ அப்பம் சுட்டுப் போட்டிருக்கிறாய், நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பட்டுவிட்டது, மார்ஜரி. நான்தான்.

ஐனர்


பிராண்டன்
26 பிப்ரவரி 1978

அன்புள்ள ஐனருக்கு,

எனக்கு அன்று மாலையே தெரியும். ஆறு மணிக்கு நம் ஊர்ப் பால் வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில் கேன்களை இறக்கிவிட்டு நர்ஸோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். "ரோடு துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு, வழியெல்லாம் வெயில்" என்றார். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் அது விழவில்லை, என் காதில் விழுந்தது. நாளைக்குச் சொல்வாய் என்று நினைத்தேன். அப்புறம் வசந்தம் வந்தால் சொல்வாய் என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை. நீ இன்னொரு பொய் சொல்லிவிடுவாயோ என்று எனக்கும் பயம். அது என் தப்பு, என் கையையும் உயர்த்திவிடுகிறேன்.

படிவத்தில் பெயர் எழுதவேண்டும் என்றார்கள். உனக்காகக் காத்திருந்தேன். மூன்றே முக்காலுக்கு மேல் காத்திருக்க முடியவில்லை. தாமஸ் என்று உன் அப்பா பெயரைச் சொன்னேன். கல்லறைக் கல்லில் அந்தப் பெயரை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் யார் வைத்தது, எப்போது வைத்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவனுக்கு உன் காதுதான். அதை உன்னிடம் சொல்ல எட்டு வருஷமாக ஆசை.

ஒருவன் தானாகக் கையை உயர்த்தினால், அந்தக் கல்லை எடுப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்வது எதிர்ப்பக்கத்துத் தலைவர். இரண்டு நாள் யோசித்தேன். இந்தக் கல்லை எடுக்க முடியாது, அது அங்கேதான் கிடக்கும். ஆட்டத்தை நிறுத்தவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்திலிருந்து வியாழக்கிழமைப் பெண்கள் அணியில் என் பெயர் இருக்கும், மிஸஸ் டல்லிக்கு எழுதியாகிவிட்டது. வியாழக்கிழமைச் சமையல் உன்னுடையது. பீன்ஸ் வேண்டாம்.

மாவட்டப் போட்டி சனிக்கிழமை முடிகிறது என்று பேப்பரில் பார்த்தேன். மர்ரேயிடம் துடைப்பத்தை வாங்கிவிட்டாயா? ஆடிவிட்டே வா, நடுவில் விட்டுவிட்டு வராதே. நான் காத்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு லோயிஸ் வீட்டு வாசலில் உன் வண்டி நிற்கவேண்டும். முதலில் மூன்று பேருமாகக் கல்லறைக்குப் போவோம். பெத்திடம் தம்பியைப் பற்றி நீதான் சொல்லவேண்டும். அங்கே பனி முழங்கால் வரை இருக்கும்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வா.

உன் மார்ஜரி