ஐந்து நிமிடத்தில் நிரம்பும் வண்டி

ஜனவரி 6
ஹைட்ரஜன் நிலையத்தில் எனக்கு முன்னால் ஐந்து வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் நிரப்பியபின் நிலையத்தின் அழுத்தம் மறுபடி ஏறக் காத்திருக்க வேண்டும். வாங்கும்போது என் கணவர் தோ-கியு என்ன சொன்னார்? "அஞ்சே நிமிஷம், நிரம்பிடும். அறுநூறு கிலோமீட்டர் ஓடும். புகை கிடையாது, தண்ணிதான் சொட்டும்." அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்றேன். 'வண்டி தண்ணி விடுது, நான் கண்ணீர் விடுறேன்' என்று செய்தி அனுப்பினால், சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்புகிறார் மனுஷர்!

ஜனவரி 9
எங்கள் ஊர் நிலையம் பழுது. எப்போது திறக்கும்? "தெரியாதுங்க." அடுத்த நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

ஜனவரி 14
எழுதியே ஆகவேண்டும்.

ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் எனக்குச் சைகை மொழிபெயர்ப்பு வேலை. ஆப்பிள் தோட்டக்காரர் மா ஜோங்-குவுக்குக் காலில் சர்க்கரைப் புண், காது கேளாதவர். விடியலிலேயே அந்த நாற்பது கிலோமீட்டர் போய் நிரப்பினேன். நிரம்பியது. ஆனால் குழாய் முனை உறைந்து வண்டியோடு ஒட்டிக்கொண்டது! பிடித்து இழுத்தேன். "இழுக்காதீங்கம்மா, உடைஞ்சா இன்னைக்கு யாருக்கும் கிடையாது!" என்று நிலையத்து ஆள் கத்தினார். சூடான காற்று ஊதுகிறார், ஊதுகிறார்... டாக்ஸி? இந்தப் பனியில் எவனும் வரவில்லை.

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "தாள்ல எழுதிக் காட்டினோம், தலையாட்டினாரே" என்றாள் செவிலி. அவருக்கு எழுத்து சரியாக வராதென்று எனக்கல்லவா தெரியும்.

ஜனவரி 15
இரண்டு கால்விரல்களை வெட்டிவிட்டார்கள். புண்ணைக் கழுவப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

ஜனவரி 17
போய்ப் பார்த்தேன். வெட்டாவிட்டால் காலே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதைக் கையால் சொன்னேன். அவர் கைகள் மெதுவாகப் பேசின: "வெட்டட்டும். எங்கிட்ட சொல்லிட்டு வெட்டியிருக்கலாம்ல?"

வீட்டில் தோ-கியு சண்டைக்கு வந்தார். "ஒருநாள் குழாய் உறைஞ்சதுக்கு வண்டியையே திட்டுவியா? பேட்டரி வண்டி குளிர்ல பாதி வழியிலயே படுத்துக்கும்."

"படுத்துக்கட்டும்! நம்ம குடியிருப்புலயே சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பலாம்ல? அந்த மனுஷன் முழிச்சுப் பாக்கறப்போ விரல் இல்ல. உங்க தண்ணி சொட்டுற வண்டியை வெச்சு நான் என்ன பண்ண?"

நல்லவேளை, நான் முதல்நாளே போய் நிரப்பியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 3
வண்டியைக் கொடுத்துவிட்டுப் பேட்டரி வண்டி வாங்கிக்கொண்டோம். தோ-கியுவே கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 20
இதுவும் சனியன்தான். வெளியே மைனஸ் ஒன்பது. நேற்றிரவு குடியிருப்பில் எவனோ சார்ஜ் ஏறி முடிந்தும் வண்டியை எடுக்கவில்லை. காலையில் நெடுஞ்சாலையோரம் நாற்பது நிமிடம் செருகிவிட்டு, ஹீட்டரை அணைத்துப்போட்டு விறைத்துப்போய் ஓட்டினேன். ஆனாலும் எட்டரைக்கே மருத்துவமனையில் இருந்தேன்.

மருத்துவர் பேசத் தொடங்கியதும், மா ஜோங்-கு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, காலை மெல்ல நீட்டி உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லச் சொல்லு."